கும்பகோணத்தில் ஓய்வுக்காலம்: முதியோர் குடியிருப்பா, ஊருக்குள் வாடகை வீடா?

கணக்கு டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரரும் மடிப்பாக்கத்தில் 28 வருஷம் இருந்துவிட்டோம். அவருக்கு 67, ஏஜி ஆபீஸில் (மத்திய அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம்) இருந்து ரிட்டயர் ஆனவர். எனக்கு 61, அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். ஒரே பெண், பெங்களூரில் இருக்கிறாள். "எங்களோட வந்துடுங்கோ" என்று கூப்பிடுகிறாள். பதினோராவது மாடியில் உட்கார்ந்து கீழே போகிற காரை எண்ண என்னால் முடியாது.

கும்பகோணம் என் அம்மா பிறந்த ஊர். லீவு விட்டால் தாத்தா வீட்டுக்குப் போய்விடுவோம், ஊர்ப் பழக்கம் அவ்வளவுதான். இப்போது அங்கே உறவு என்று யாரும் இல்லை. அவருக்குப் போன வருஷம் ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, முழங்கால் வலியும் உண்டு. எனக்கு சர்க்கரை.

பார்த்து வைத்திருப்பது மூன்று. ஊருக்கு வெளியே ஒரு முதியோர் குடியிருப்பு, டெபாசிட் கட்டினால் சாப்பாட்டோடு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். இரண்டாவது, கோயில் பக்கத்தில் பழைய அக்ரஹார வீடு ஒன்று, வாடகைக்கு. முற்றம், ஊஞ்சல் எல்லாம் இருக்கிறது. அவர் அதிலேயே மயங்கிவிட்டார். மூன்றாவது ஸ்ரீநகர் காலனிப் பக்கம் அபார்ட்மென்டில் தரைத்தளம், பார்த்தால் ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.

அங்கே இருக்கிறவர்கள், இருந்துவிட்டு வந்தவர்கள் சொல்லுங்கள். "அமைதியான ஊர், கோயில் நகரம்" மட்டும் வேண்டாம், அது எனக்கே தெரியும்.

பாணாதுறை

வாங்க டீச்சர். எனக்கு 72. பிறந்தது, வேலை பார்த்தது, ரிட்டயர் ஆனது எல்லாம் இதே ஊர்தான். அதனால நான் சொல்றதுல பாதிய ஊர்ப் பாசம்னு தள்ளிடுங்க.

என் ஒரு நாள சொல்றேன். காலையில அஞ்சே முக்காலுக்கு மகாமகக் குளத்துக்குப் போயிடுவேன். குளத்தைச் சுத்தி நடக்குற கூட்டம் ஒன்னு இருக்கு. மூணு சுத்து சுத்திட்டு பதினாறு மண்டபத்துல ஏதாவது ஒன்னுல உக்காந்தா, யாருக்கு சுகர் ஏறிச்சு, யார் பையன் பணம் அனுப்பல எல்லாம் தெரிஞ்சிடும். ஏழரைக்குக் காப்பி. நெடுஞ்சாலை பூரா "கும்பகோணம் டிகிரி காப்பி" போர்டு தொங்குதே, அதையெல்லாம் நம்பாதீங்க, இங்க நல்ல காப்பி வீட்லதான். ஞாயித்துக்கிழமைன்னா ஹோட்டல்ல இட்லிக்குத் தொட்டுக்கக் கடப்பா (பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு போட்ட குழம்பு), அதை மட்டும் விடமாட்டேன். பத்து மணிக்கு டவுன் ஹால்ல இருக்கிற கோபால் ராவ் நூலகம், பேப்பர். மத்தியானம் தூக்கம். சாயங்காலம் சாரங்கபாணியோ கும்பேஸ்வரனோ, கால் எந்தப் பக்கம் இழுக்குதோ அது.

ஊர் 2021-லயே மாநகராட்சி ஆயிடுச்சு. ஆனா பேருதான் மாநகராட்சி. கடைத்தெரு, பேங்க், டாக்டர், மருந்துக்கடை எல்லாம் ஒன்றரை கிலோமீட்டருக்குள்ள அடங்கிடும். வயசானவனுக்கு வேற என்ன வேணும்? பெரிய ஊர்ல எதுக்கும் ஆட்டோ. இங்க எதுக்கும் செருப்பு போதும்.

ஊருக்குள்ளயே வீடு பாருங்க. வெளிய போய் வயக்காட்டு நடுவுல உக்காந்துக்கிட்டு "கும்பகோணத்துல இருக்கேன்"னு சொல்றதுல அர்த்தம் இல்ல.

தோஹா பையன்

என் அப்பா அம்மா மூன்று வருஷமாக அப்படி ஒரு குடியிருப்பில்தான் இருக்கிறார்கள். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை, கேட்காதீர்கள்.

முதல் வருஷம் சொர்க்கம். காலையில் காப்பி வாசலுக்கு வரும், வெள்ளிக்கிழமை பஜனை, மாதம் ஒருமுறை வேனில் கோயில் சுற்றுலா. இரண்டாவது வருஷம் சமையல்காரர் மாறினார். ரசம் தண்ணியானது. மாதக் கட்டணம் ஏறியது. சரி, அதெல்லாம் எங்கேயும் உள்ளதுதான்.

மூன்றாவது வருஷம் அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வந்ததும் அலுவலகத்தில் கூப்பிட்டு ஒரு காகிதத்தைக் காட்டினார்கள். "தன் வேலையைத் தானே செய்துகொள்ளக்கூடியவர்களுக்கு மட்டும்" என்று ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. படுத்துவிட்டால் 24 மணி நேர ஆளை நாமே வைத்துக்கொள்ள வேண்டும், அந்த ஆளுக்குச் சாப்பாட்டுக் கட்டணம் தனி. அப்பாவின் கையெழுத்து அதன் கீழே அழகாக இருந்தது. நான்தான் போடச் சொன்னேன், படிக்காமல்.

இப்போது ஆள் வைத்திருக்கிறோம், சமாளிக்கிறோம். ஆனால் எதற்காக அங்கே சேர்த்தோமோ அந்த ஒன்றுதான் அங்கே இல்லை.

வில்லா 14

தம்பி வருத்தம் புரிகிறது. ஆனால் ஒரு இடத்தை வைத்து எல்லாவற்றையும் எடைபோட வேண்டாம். நானும் இந்த ஊர்ப் பக்கம் ஒரு குடியிருப்பில்தான் இருக்கிறேன், ஐந்தாவது வருஷம். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாக வந்தேன்.

சென்னை பிளாட்டில் தனியாக இருந்தபோது நான் ஒரு நாளைக்குப் பேசிய மொத்த வார்த்தை, பால்காரரிடம் சொன்ன "நாளைக்கு அரை லிட்டர்" மட்டும்தான். இங்கே சாப்பாட்டு மேஜையில் என்னோடு மூன்று பேர். அதில் ஒருவரை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஆனால் அவர் ஒரு வேளை வரவில்லை என்றால் நான்தான் போய்க் கதவைத் தட்டுகிறேன். பாணாதுறை அண்ணன் சொல்கிற குளக்கரைக் கூட்டம் ஐம்பது வருஷப் பழக்கம். புதிதாக வருகிறவருக்கு அது முதல் நாளே கிடைக்காது.

டீச்சர், போனால் இவற்றை எழுத்தில் கேளுங்கள். டெபாசிட்டில் வருஷத்துக்கு எவ்வளவு கழிப்பார்கள், வெளியேறினால் எத்தனை மாதத்தில் திருப்புவார்கள். இரண்டு பேரில் ஒருவர் போனால் கட்டணம் பாதியாகுமா, வேறு சின்ன வீட்டுக்கு மாறச் சொல்வார்களா. படுக்கையில் விழுந்தால் என்ன ஏற்பாடு. விலைக்கே வாங்குவதென்றால் பத்திரம் யார் பெயரில், பிற்காலத்தில் உங்கள் பெண்ணுக்கு வரும்போது அவளுக்கு வயது ஆகவில்லை என்று உள்ளே குடியிருக்க விடமாட்டார்களா, விற்றால் அவர்களுக்கு எத்தனை சதவீதம். ஒரு நாள் மத்தியானம் சொல்லாமல் போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள். விருந்தினருக்குப் போடும் சாப்பாடு வேறு, புதன்கிழமை சாப்பாடு வேறு.

மேலக்காவேரி

எல்லாரும் வீடு பாருங்க, வீடு பாருங்கன்னு சொல்றீங்க. வீடு யாருக்குக் கிடைக்கும்ங்கறதையும் கொஞ்சம் பேசுவோம்.

நான் வங்கியில ரிட்டயர் ஆனவன். பென்ஷன் வருது, பிள்ளைங்க செட்டில் ஆயிட்டாங்க, சத்தம் போடுற வயசும் இல்ல. கோயிலைச் சுத்தின தெருக்கள்ல ஏழு வீடு பார்த்தேன். மூணு இடத்துல பேரைக் கேட்டதும் "ஏற்கனவே பேசி முடிச்சாச்சு". ரெண்டு இடத்துல "சைவம் மட்டும்". ஒரு பெரியவர் மட்டும் நேரா சொல்லிட்டார், "தப்பா நெனச்சுக்காதீங்க சார், தெருவுல பேசுவாங்க." அவர் மேல எனக்குக் கோபமே வரல. மிச்சம் இருந்த ஒருத்தர் போனை எடுக்கக்கூட இல்ல. இது எங்க ஆளுங்களுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க. "எந்த ஊரு, குலதெய்வம் எது"ன்னு சுத்தி வளைச்சு சாதியக் கண்டுபிடிக்கிறதுல நம்ம தரகருங்க டாக்டர் பட்டம் வாங்கினவங்க.

கடைசியில மேலக்காவேரியிலயே எடுத்தேன். பள்ளிவாசல் பக்கம், ஆறும் பக்கம். நான் நல்லாத்தான் இருக்கேன். சாயங்காலம் ஆத்துல தண்ணி வந்தா அந்தக் காத்துக்கு மாத வாடகை தனியாவே குடுக்கலாம். ஆனா "ஊரே நடக்குற தூரம்"னு பாணாதுறை அண்ணன் சொல்றாரே, சில தெரு சிலருக்கு நடக்க மட்டும்தான்.

பாணாதுறை

@மேலக்காவேரி பாய், அது உண்மை. மறுக்க முடியாது. என் தெருவுலயும் நடந்திருக்கு, நானும் வாயத் தொறக்காம இருந்திருக்கேன்.

துக்காம்பாளையத் தெரு

டீச்சர், அந்த அக்ரஹார வீட்டைப் பற்றி. நான் அந்த மாதிரி வீட்டில்தான் இருக்கிறேன். என் அம்மாவுக்கு 88. ஊஞ்சல் இருக்கிறது, முற்றத்தில் நிலா விழும், ஐப்பசி மழையில் நாலு பக்க ஓட்டிலிருந்தும் தண்ணீர் கொட்டும்போது உலகமே மறந்துபோகும். எல்லாம் வாஸ்தவம். சினிமாக்காரர்கள்கூட வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். ஒரு ராத்திரி தூக்கம் வராமல் அம்மாவின் கட்டிலில் இருந்து கக்கூஸ் வரைக்கும் நடந்து எண்ணினேன். கட்டில் கூடத்தில். கூடத்தில் இருந்து தாழ்வாரம் அரை அடி இறக்கம். தாழ்வாரத்தில் முற்றத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், மழை பெய்தால் அந்தக் கல் வழுக்கும். இரண்டாம் கட்டுக்கு ஒரு நிலைப்படி, ஏழு அங்குலம். சமையலறையைத் தாண்டி இன்னொரு நிலைப்படி. கொல்லைக்கு இறங்க மூன்று படி. கிணற்றடி ஈரம். பிறகு கக்கூஸுக்கு ஒரு படி ஏற வேண்டும். மொத்தம் 54 அடி தூரம், ஏழு ஏற்ற இறக்கம். ராத்திரி இரண்டு தரம் போய் வந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், நீங்கள் கணக்கு டீச்சர்.

வாசல் பக்கமும் அதே கதை. தெரு வருஷா வருஷம் உயர்ந்துகொண்டே வருகிறது, திண்ணை இருந்த இடத்திலேயே இருக்கிறது. வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கிற ரேழி குறுகல். மாமாவுக்கு மயக்கம் வந்த அன்று ஸ்ட்ரெச்சர் ரேழியில் திரும்பவில்லை. நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம்.

நாங்கள் பிறகு கூடத்துக்குப் பக்கத்து காமிரா உள்ளை (சின்ன அறை) இடித்து மேல்நாட்டுக் கழிப்பறை கட்டினோம். சொந்த வீடு, அதனால் முடிந்தது. வாடகை வீட்டில் ஓனர் சம்மதிப்பாரா? எங்கள் தெருவில் பல வீட்டுக்கு ஓனர் ஒருவர் இல்லை, ஏழு பங்காளிகள். ஒருவர் ஹூஸ்டனில், ஒருவர் கோர்ட்டில்.

வெத்தலப் பெட்டி

கும்பகோணம் வெத்தலைக்கு 2025-ல புவிசார் குறியீடு கெடச்சதே, அதைப் பத்தி ஒருத்தரும் பேசல. எனக்குப் பல்லு போயிடுச்சு, சின்ன உரல்ல இடிச்சுதான் போடறேன். ஆனாலும் கொழுந்து வெத்தலைக்காகவே இந்த ஊர விட்டுப் போகமாட்டேன். டீச்சர் வீட்டுக்காரருக்குப் பழக்கம் உண்டா?

மட்டுறுத்துநர்

இழை வெற்றிலையை நோக்கிப் போகிறது. தலைப்போடு வாருங்கள்.

கருவூலம்

நான் 34 வருஷம் கருவூலத் துறையில் குப்பை கொட்டியவன். இடம் மாறும்போது எதை மாற்ற வேண்டும், எதை மாற்ற வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன்.

சார் மத்திய அரசு ஓய்வூதியர். அவர் நவம்பரில் வாழ்நாள் சான்று தர வேண்டும். (80 ஆனவர்கள் அக்டோபரிலேயே தரலாம்.) எந்த ஊரில் இருந்தாலும் ஜீவன் பிரமாணில் (ஆன்லைன் வாழ்நாள் சான்று) முடித்துவிடலாம். பேங்க் வாசலில் போய் நிற்க வேண்டாம். தபால்காரரிடம் சொன்னால் கருவியோடு வீட்டுக்கே வருவார், 70 ரூபாய். விரல் ரேகை தேய்ந்து போனவர்களுக்கு முகத்தைப் பார்த்தே பதிகிற வசதியும் போனில் இருக்கிறது. டீச்சர் மாநில அரசின் ஓய்வூதியர், உயிரோடு இருப்பதை வருஷா வருஷம் பதிகிற உங்கள் நேர்காணல் முன்பு மாதிரி ஜூலை முதல் செப்டம்பர் வரை இல்லை. 2023-லிருந்து நீங்கள் ஓய்வு பெற்ற மாதம் எதுவோ அந்த மாதம். இதை மறந்துவிட்டுப் பழைய நினைப்பில் இருந்து, பென்ஷன் நின்ற பிறகு சார்நிலைக் கருவூலத்துக்கு ஓடி வருகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

மருத்துவம்தான் முக்கியம். சாருக்கு சிஜிஎச்எஸ் (மத்திய அரசு சுகாதாரத் திட்டம்) அட்டை இருக்கும். அதன் மையம் கும்பகோணத்தில் கிடையாது, திருச்சிக்குப் போக வேண்டும். மாத்திரைக்காக மாதாமாதம் 95 கிலோமீட்டர் போய் வர முடியாது. மையம் இல்லாத பகுதிக்குக் குடிபோகிறவர்கள், உள்நோயாளி சிகிச்சைக்கு சிஜிஎச்எஸ்ஸை வைத்துக்கொண்டு, வெளிநோயாளிச் செலவுக்கு மாதம் 1000 ரூபாய் நிலையான மருத்துவப்படி வாங்கிக்கொள்ளலாம். அதற்கு விருப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும், தானாக வராது. உங்களுக்கு மாநில ஓய்வூதியர் காப்பீட்டுக்கு மாதாமாதம் பிடிப்பார்களே, அந்த அட்டையை ஏற்கிற மருத்துவமனை கும்பகோணத்தில் எது, தஞ்சாவூரில் எது, எந்தெந்த சிகிச்சைக்கு ஏற்கிறது என்பதை வீடு பார்ப்பதற்கு முன் பாருங்கள். பட்டியலில் பெயர் இருப்பது ஒன்று, ராத்திரி கவுன்டரில் இருப்பவர் "அந்த ஸ்கீம் இப்ப இல்லைங்க" என்பது வேறு. நேரில் போய்க் கேளுங்கள்.

இன்னொன்று. கையில் இருப்பதை எல்லாம் டெபாசிட்டில் கொட்டிவிடாதீர்கள். அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். பணம் உங்கள் பெயரில் இருக்கிற வரைக்கும்தான் ரசம் கெட்டியாக வரும்.

மடிப்பாக்கம் வீட்டைப் பெண் பெயருக்கு எழுதுகிற எண்ணம் இருந்தால், கடைசி வரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை தானப் பத்திரத்திலேயே இருக்கட்டும். உங்கள் பெண் தங்கமாக இருப்பாள். 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு இருக்கிறது, பார்த்துக்கொள்ளவில்லை என்றால் எழுதிக் கொடுத்ததை ரத்து செய்யக் கோட்டாட்சியரிடம் போகலாம். ஆனால் அந்த ஒரு வரி பத்திரத்தில் இருந்தால் வழக்கு சுலபம், இல்லாவிட்டால் இழுபறி.

கணக்கு டீச்சர்

கருவூலம் சார், மருத்துவப்படி விஷயம் எங்கள் இருவருக்கும் தெரியாது. ஏஜி ஆபீஸ்காரருக்கே தெரியவில்லை என்று இரண்டு நாளாக வீட்டில் கேலி நடக்கிறது. 54 அடியை அவருக்குப் படித்துக் காட்டினேன். "ஊஞ்சல் அழகா இருந்துதே" என்றார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

வந்தால் எனக்குப் பொழுது எப்படிப் போகும் என்பதையும் யாராவது சொல்லுங்கள். இதுவரை சொன்னதெல்லாம் ஆண்களுக்கான ஊர் மாதிரி இருக்கிறது. குளக்கரை, பேப்பர், வெற்றிலை.

சக்கரப் படித்துறை மாமி

நல்லாக் கேட்டேள். நான் வந்து ஆறு வருஷம் ஆறது, முதல் ஆறு மாசம் அழுதேன்.

அப்புறம் திருப்புகழ் கிளாஸ் ஒண்ணுல சேந்தேன். எனக்குப் பாட்டு வராது, கடைசி வரிசைல உக்காந்து வாயசைப்பேன். அங்கேருந்துதான் எல்லாம் ஆரம்பம். சாப்பாட்டுக் கேரியர் யார் நன்னாப் போடறா, வேலைக்காரி யாரு, எந்த டாக்டர் போன எடுப்பார், எல்லாத் தகவலும் திருப்புகழ் கிளாஸ்லதான். சாதம் நாமளே வெச்சுண்டா போறும், குழம்பு, ரசம், கறி, கூட்டு பதினோரு மணிக்குக் கேரியர்ல வந்துடும். நாப்பது வருஷம் சமைச்ச கைக்கு அதைவிட ஓய்வுக்காலம் வேற என்ன வேணும், சொல்லுங்கோ.

டவுன் பஸ்ல நமக்கு டிக்கெட் கிடையாது, 2021-லேர்ந்து. தாராசுரம் போய் மார்க்கெட்ல காய் வாங்கிண்டு, அப்படியே ஐராவதேஸ்வரர் கோயில்ல அரை மணி உக்காந்துட்டு வருவோம். சனி ஞாயிறுல அரசு பஸ்ஸே நவகிரகம் ஒன்பதும் ஒரே நாள்ல சுத்திக் காட்டறான். நான் ஒரு தரம் போனேன், கேது வரதுக்குள்ள இடுப்பு போயிடுத்து. தை மாசம் திருவையாறு ஆராதனைக்குப் போலாம். சுவாமிமலை மட்டும் சாரோட முழங்காலைக் கேட்டுண்டு போங்கோ, அறுபது படி.

நீங்க கணக்கு டீச்சர்ங்கறேள். இது ராமானுஜன் வளர்ந்த ஊர், சாரங்கபாணி சன்னதித் தெருல அவர் வீடு இன்னும் இருக்கு. இங்க பத்தாம் கிளாஸ் குழந்தேள் கணக்குக்குப் பயந்துண்டு டியூஷனுக்கு அலையறதுகள். திண்ணைல ஒரு பலகை மாட்டினேள்னா உங்களுக்கு நேரமே போறாது.

ரிட்டயர்டு ஸ்டாஃப் நர்ஸ்

மூணு நாளா படிச்சிட்டு இருக்கேன். எல்லாரும் காலையில அஞ்சே முக்காலப் பத்தியும் சாயங்காலத்தப் பத்தியும் பேசுறீங்க. நான் ராத்திரி ரெண்டு மணியப் பத்திப் பேசுறேன். டெல்டாவுல அரசு ஆஸ்பத்திரிகள்ல 31 வருஷம் டியூட்டி பார்த்தவ. வயசானவங்க எப்ப வருவாங்க, எப்படி வருவாங்கன்னு எனக்குத் தெரியும்.

ஒன்னு. சார் ஸ்டென்ட் வெச்சவர். நெஞ்சு வலி வந்தா ஆஞ்சியோ பண்ற கேத் லேப் எங்க இருக்கு, அதுல ராத்திரி டாக்டர் இருப்பாரா, இல்ல காலையிலதான் வருவாரா? இதைப் போன்ல கேக்காதீங்க, "எல்லாம் இருக்கு"ன்னுதான் சொல்லுவாங்க. நேர்ல போய் டியூட்டி நர்ஸக் கேளுங்க. நாங்க பொய் சொல்ல மாட்டோம், எங்களுக்கு அதுல கமிஷன் இல்ல. ஊருக்குள்ளயே அரசு தலைமை மருத்துவமனை இருக்கு, முதல் சிகிச்சைக்கு அது போதும். பெருசுன்னா தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ், 40 கிலோமீட்டர். பக்கவாதத்துக்கு ரத்தக் கட்டியக் கரைக்கிற ஊசிய நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அந்த நாலரை மணி, வாய் கோணுனதுல இருந்து ஆரம்பிக்குது, நீங்க ஆம்புலன்ஸ் ஏறுனதுல இருந்து இல்ல. "விடியட்டும், பாத்துக்கலாம்"னு உக்காந்திருந்து வந்தவங்கதான் எங்க வார்டுல பாதி.

ரெண்டு. 108-க்குப் போன் பண்ணா வண்டி வரும். வழி சொல்ல வேண்டியது நீங்க. புதுசா குடி வந்தவங்களுக்குத் தெருப் பேரே பதட்டத்துல வராது. விலாசத்தையும் பக்கத்து அடையாளத்தையும் பெரிய எழுத்துல எழுதி போன் பக்கத்துல ஒட்டுங்க. தேரோட்டம், திருவிழான்னா எந்தத் தெரு அடைப்பான்னு தெரிஞ்சு வெச்சுக்குங்க. 2028-ல மகாமகம் வருது. 2016-ல குளத்தைச் சுத்தி வண்டி நகர முடியல. அந்தக் கொஞ்ச நாளைக்குப் பொண்ணு வீட்டுக்குப் போயிடுங்க.

மூணு. இதுதான் பெருசு. சார் விழுந்தா டீச்சரால தூக்க முடியாது. பக்கத்துல கூப்பிட்டதும் வர ஒரு ஆம்பள ஆளு, நாப்பது வயசுக்குக் கீழ, யார் இருக்காங்க? முதியோர் குடியிருப்புல பக்கத்து வீட்டுக்காரருக்கும் எழுபது வயசு. அங்க ராத்திரி வாட்ச்மேன் எத்தன பேரு, நர்ஸ் தங்குறாங்களா, இல்ல பகல்ல பிரஷர் பாத்துட்டுப் போயிடுறாங்களான்னு கேளுங்க. அபார்ட்மென்ட்னா எதிர் வீட்ல சின்னக் குடும்பம் இருக்கான்னு பாருங்க. அந்தப் புள்ளைங்க சத்தம் போட்டாலும் பரவால்ல.

வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்குற லேப் பையன், பிசியோதெரபிஸ்ட், ஆயா, இதெல்லாம் இந்த ஊர்ல கெடைக்கும். ஆயா மட்டும் பொங்கல், தீபாவளிக்குக் கெடைக்காது.

தோஹா பையன்

நர்ஸம்மா, மூன்று வருஷத்துக்கு முன்னால் நீங்கள் எங்கே இருந்தீர்கள்.

வில்லா 14

எங்கள் இடத்தில் ராத்திரி நர்ஸ் தங்குகிறாரா என்று போய்க் கேட்டேன். "பக்கத்து ஊரில்தான் வீடு, கூப்பிட்டால் இருபது நிமிஷத்தில் வந்துவிடுவார்" என்றார்கள். ஐந்து வருஷமாக நான் கேட்கவே இல்லை. விளம்பரத் தாளில் "24 மணி நேர மருத்துவ உதவி" என்று போட்டிருந்தது, நம்பிவிட்டேன். சங்கத்தில் எழுத்து மூலம் கொடுத்திருக்கிறேன்.

பாணாதுறை

டீச்சர், ஒரு யோசனை. எதையும் இப்ப முடிவு பண்ணாதீங்க. ஐப்பசி அடைமழையில ரெண்டு வாரம் வந்து தங்கிப் பாருங்க. மார்கழியில வந்தா எல்லாருக்கும் இந்த ஊர் பிடிக்கும்.

கணக்கு டீச்சர்

ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

பாணாதுறை அண்ணன் சொன்னபடியே அடைமழையில் வந்தோம். உழவன் ரயிலில் இரண்டு பேருக்கும் கீழ்ப் படுக்கை கிடைத்தது. (முதியோர் சலுகையை 2020-ல் நிறுத்தியதை இவர் இன்னும் மன்னிக்கவில்லை, ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு பிரசங்கம்.) பதினேழு நாள் தங்கினோம்.

முதியோர் குடியிருப்பில் சொல்லாமல் போய்ச் சாப்பிட்டோம். சாப்பாடு நன்றாகவே இருந்தது. மனிதர்களும் நல்லவர்கள். ஒன்பதாம் பக்கம் மாதிரி எங்கள் ஒப்பந்தத்தில் ஆறாம் பக்கம் இருந்தது. கேட்டதும் மேனேஜர், "அதெல்லாம் சும்மா மேடம், யாரையும் வெளியே அனுப்பமாட்டோம்" என்றார். அப்படியானால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்றார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அக்ரஹார வீட்டுக்கு இவரைத் தனியாக அனுப்பினேன். ஊஞ்சலில் உட்கார்ந்தாராம். பிறகு கொல்லைக்குப் போய்விட்டு வரலாம் என்று எழுந்து, இரண்டாம் கட்டு நிலைப்படியில் தட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டாராம். இதை என்னிடம் சொன்னது நாலு நாள் கழித்து.

தரைத்தள பிளாட்டை எடுத்திருக்கிறோம். பதினோரு மாத ஒப்பந்தம். கடைசி மூன்று நாள் மழையில் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர், வீட்டு வாசலுக்கு வரவில்லை, அதைப் பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுத்தேன். கொசு ஏராளம். எதிர் வீட்டில் ஒரு பஸ் கண்டக்டர், மனைவி, இரண்டு பிள்ளைகள். பெரியவன் எட்டாம் வகுப்பு, பின்னம் என்றால் ஓடுகிறான். இப்போது சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் ஹாலில் உட்கார்ந்து ஓடாமல் அழுகிறான். அவன் அப்பா அவராகவே நம்பரைக் கொடுத்து, "ராத்திரி டூட்டி இல்லாத நாள்னா எப்ப வேணா தட்டுங்க டீச்சர், டூட்டி இருந்தா டெப்போவுல சொல்லி ஆள் அனுப்புறேன்" என்றார்.

நர்ஸம்மா சொன்ன மாதிரி இரண்டு ஆஸ்பத்திரிக்கு நேரில் போனோம். ஒன்றில் டியூட்டி நர்ஸ் ஒரு பெண், என்னைச் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "ராத்திரின்னா இங்க வராதீங்கம்மா, அங்க போங்க" என்று இன்னொரு ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள். அதைக் காகிதத்தில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டியாயிற்று.

சக்கரப் படித்துறை மாமி, கேரியர்க்காரர் நம்பருக்கு நன்றி. ரசம் பிரமாதம். திருப்புகழுக்கு அடுத்த வாரம் வருகிறேன், கடைசி வரிசையில் இடம் பிடித்து வையுங்கள்.

வெத்தலப் பெட்டி

சாருக்கு வெத்தலப் பழக்கம் உண்டான்னு கேட்டேன், இன்னும் பதில் வரல.

கணக்கு டீச்சர்

இல்லாமல் இருந்தது. இப்போது உண்டு.

ரிட்டயர்டு ஸ்டாஃப் நர்ஸ்

நல்ல முடிவு. பாத்ரூம்ல கைப்பிடி போட்டாச்சா? சுவத்துல துளை போட்டு இறுக்குனது வேணும், ஒட்டுறது வேண்டாம். இன்னொன்னு, பாத்ரூம் கதவு உள்பக்கம் திறக்குதா, வெளிப்பக்கமா? உள்ள விழுந்தவங்க கதவுக்கும் சுவத்துக்கும் நடுவுல கெடந்தா வெளியில இருந்து தள்ள முடியாது.

கணக்கு டீச்சர்

கைப்பிடி இரண்டு போட்டாயிற்று. கதவு... எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உள்பக்கம்தான் திறக்கிறது.

ஓனரிடம் பேசிவிட்டேன், செலவு நம்முடையது என்றால் சரி என்கிறார். வெள்ளிக்கிழமை ஆசாரி வருகிறார். அதுவரைக்கும் தாழ்ப்பாள் போடக்கூடாது என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன். உள்ளே போனால் பாடிக்கொண்டே இருக்கிறார், ஆள் இருக்கிறது என்று தெரியவேண்டுமாம்.